ஒரு கம்பெனி அழிந்த கதையும் திருப்பூர் வாசகர்களும்

எழுதிய புத்தகம் விற்கவில்லை என்றால் எழுத்தாளன் வருத்தப்படுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். விற்றுவிட்டால் என்ன ஆவான் என்று தெரிந்துகொள்ள நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து திருப்பூருக்குப் போய்வர வேண்டியிருந்தது.

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சனிக்கிழமை தவறாமல் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உலகப் போர் நடக்கும். மூன்று நண்பர்கள் வருவார்கள். பழைய மலாயா வரைபடத்தை விரித்து, அட்டைத் துண்டுகளைப் படைகளாக நிறுத்தி, பகடை உருட்டி, எப்போதோ முடிந்துபோன போரை மறுபடியும் நடத்துவோம். இதுவரை பினாங்கை ஒன்பது தடவை காப்பாற்றியிருக்கிறோம். பினாங்குக்காரர்கள் யாரும் இதுவரை நன்றி சொல்லவில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் படிக்கும் சரித்திரப் புத்தகங்களே தனி ரகம். போர் ஏன் வந்தது, யார் யாரிடம் கோபித்துக்கொண்டார் என்பதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை. ஒரு லாரி எத்தனை மூட்டை அரிசி ஏற்றும், மழையில் ஒரு சிப்பாய் மணிக்கு எத்தனை மைல் நடப்பான், பூட்ஸ் எத்தனை நாளில் பிய்யும், இவைதான் எங்களுக்கு இலக்கியம். மற்றவர்கள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள். நாங்கள் பின்னிணைப்பிலிருந்து தொடங்குவோம். அங்கே படைப்பிரிவுகளின் பட்டியல் இல்லையென்றால் அந்த ஆசிரியருக்கு சரித்திரம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவோம். ஜெயித்த தளபதியின் சுயசரிதையைவிட, தோற்ற படையில் சாமான் கிடங்கு பார்த்தவனின் நாட்குறிப்பு எங்களுக்கு உசத்தி. தளபதி பொய் சொல்வார். கிடங்குக்காரனிடம் மூட்டைக் கணக்கு இருக்கும்.

அப்படி ஒரு புத்தகத்தை நானே தமிழில் எழுதித் தொலைத்தேன். ஜப்பான்காரர்கள் சைக்கிளில் மலாயாவுக்குள் புகுந்தபோது, பேராக்கில் ஓர் ஆற்றுப் பாலத்தைக் காக்கச் சொல்லி விடப்பட்டு அங்கேயே மடிந்துபோன நூற்றுச் சொச்சம் இந்தியச் சிப்பாய்களைப் பற்றியது. பெரிய புத்தகங்களில் அவர்களுக்கு ஒரு பத்திதான் உண்டு. ராணுவத்தில் அத்தனை ஆள் கொண்ட பிரிவுக்குக் கம்பெனி என்று பெயர். ஆகவே 'ஒரு கம்பெனி அழிந்த கதை' என்று தலைப்பு வைத்தேன். சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் முந்நூறு பிரதி போட்டது. இரண்டு வருடத்தில் பதினேழு விற்றது. அதில் ஆறு நான் வாங்கியது.

போன வருடக் கடைசியில் பதிப்பாளர் ஃபோன் செய்தார். திருப்பூரிலிருந்து ஒருவர் இருநூறு பிரதி கேட்டு வாங்கிப் போயிருக்கிறார் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஊரில் இருநூறு போர்விளையாட்டுக்காரர்கள்! ஒரு மண்டபத்தில் நீள நீள மேசை போட்டு, ஊரே பகடை உருட்டுவதாகக் கற்பனை செய்துகொண்டேன். மனைவியிடம் சொன்னேன். அவள் பசியாறிக்கொண்டிருந்தாள்.

"உங்கள மாதிரி இருநூறு பேரா? ஒரே ஊர்லயா?" என்றாள். "பாவம் அந்த ஊர்ப் பொம்பளைங்க."

மார்ச் மாதம் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை திருப்பூரில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் பையை வாங்கிக்கொண்டு, "எங்க போகோணுங் சாமி?" என்றார். ஈப்போவில் என்னை யாரும் சாமி என்றதில்லை. புகழ் எனக்கு முன்னால் வந்து இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். இந்தப் பக்கத்தில் வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

என்னிடம் இருந்தது ரபீக் என்ற பெயரும் காதர்பேட்டை என்ற இடமும்தான். இடத்தைச் சொல்ல மறந்து, புத்தகம் வாங்கியவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "எந்தக் கம்பெனிங்க?" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாதாரண ஆட்டோக்காரர், எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்! "சி கம்பெனி" என்றேன். என் புத்தகத்தில் வருவது அதுதான்.

"சி-ங்களா? அது ரெண்டு மூணு இருக்குதுங்" என்று சொல்லி, ஊரைத் தாண்டி, ஆங்கிலத்தில் பெரிய 'சி' எழுத்து மாட்டிய கேட் முன்னால் கொண்டுபோய் இறக்கினார். அது துணிக்குச் சாயம் போடும் இடம். காவலாளி ஹிந்தியில் கேட்டதற்கு நான் மலாயில் பதில் சொன்னேன். தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர்தான் பேசி, சிரித்து, காதர்பேட்டை என்று நான் சொன்னதும் என்னைத் திரும்ப ஏற்றினார். திருப்பூரில் கம்பெனி என்றால் பனியன் கம்பெனி என்று போகிற வழியில் விளக்கினார். அங்கே சந்து முழுக்கக் கம்பெனி. வீட்டு மாடியிலும் கம்பெனி. மனிதர்களுக்கு ஊர்ப்பெயர் முன்னால் சேர்வது எங்கள் பக்கம் வழக்கம், இங்கே கம்பெனிப் பெயர் சேர்கிறது. நான் கற்பனை செய்த மண்டபத்திலிருந்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கின.

ரபீக் பாய் பொத்தான், ஜிப், நூல், கழுத்து லேபிள் விற்பவர். ஐம்பது வயது இருக்கும். கடையில் நின்றால் சட்டைக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும், சட்டை மட்டும் கிடைக்காது. என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

"நீங்கதானாங்ணா அதை எழுதுனது! டீ சொல்றேனுங்ணா, உக்காருங்க."

"உங்கள் சங்கத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"எந்தச் சங்கமுங்ணா?"

நான் பகடை, வரைபடம், படை நகர்த்தல் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மிகுந்த பொறுமையுடன் கேட்டார். திருப்பூர்க்காரர்களின் மரியாதை அப்படிப்பட்டது. நீங்கள் முழு முட்டாள் என்று தெரிந்த பிறகும் ங்க போட்டுத்தான் பேசுவார்கள்.

"அதெல்லாம் இல்லீங்ணா" என்றார் கடைசியில். "வருசா வருசம் நம்மகிட்ட சரக்கு எடுக்கற கம்பெனிக்கெல்லாம் காலண்டர் குடுப்பேன். எல்லாருமே காலண்டர்தான் குடுக்கறாங்க. செவுத்துல எடமே இல்ல. இந்த வருசம் புஸ்தகம் குடுக்கலாம்னு பதிப்பகத்து லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தேன். 'ஒரு கம்பெனி அழிந்த கதை'ன்னு இருந்துச்சு. தூக்கிவாரிப் போட்டுருச்சுங்ணா! நம்ம ஊருக்குன்னே எழுதுனாப்ல இருந்துச்சு. கம்பெனி எப்படியெல்லாம் அழியும்னு தெரிஞ்சா ஜாக்கிரதையா இருப்பாங்கல்ல?"

"அட்டையில் பாலம் எரிகிறதே?"

"எனக்கு அது கம்பெனி தீப்பிடிச்சாப்லதானுங் தெரிஞ்சுது."

"நீங்கள் படித்தீர்களா?"

"எங்கீங்ணா நேரம்?" என்று டீயை என் கையில் கொடுத்தார். "வருசப் பொறப்பும் அதுவுமா கம்பெனி அழிஞ்ச கதையைக் குடுக்கறியான்னு நாலு பேரு திருப்பி அனுப்பிட்டாங்க. மிச்சம் நூத்தித் தொண்ணூத்தாறும் ஊருக்குள்ளதான் இருக்குது."

அன்று சாயங்காலம் ஆறுதலுக்கு ரோட்டோரத் தள்ளுவண்டியில் காளான் வாங்கிக் கொடுத்தார். பெயர்தான் காளான். தட்டில் இருந்தது முட்டைக்கோஸ், மாவு, மசாலா, மேலே நொறுக்கிய சிப்ஸ். காளானைத் தேடினேன். ஒன்று கிடைத்தது. தலைப்பை நம்பி வாங்குகிறவர்களுக்கு எல்லாத் தொழிலிலும் இதுதான் கதி என்று தோன்றியது. ஆனால் ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை என் வாசகர்களைச் சந்திக்க பாய் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். முதல் வாசகர் ஜட்டி தைக்கிறவர். புத்தகத்தை நாற்பது பக்கம் படித்திருந்தார்.

"நல்லாத்தானுங்க எழுதியிருக்கீங்க. ஆனா ஜிஎஸ்டி பத்தி ஒரு வார்த்தைகூட வரலீங்களே?"

அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொன்னேன்.

இரண்டாமவர் குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் உள்ளவர், ஊருக்குள் கம்பெனி வைத்திருக்கிறார். பாதி வரை படித்தாராம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ஜப்பான் பையரு இவ்ளோ மோசமுங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பையர் என்றால் வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்கிறவர். "சைக்கிள்ல வந்து எறங்கறானுங்க, யாரையும் மதிக்கறதில்ல, சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்து நிக்கறானுங்க. போன மாசம் ஒரு ஜப்பான் ஆர்டர் வந்துச்சு. உங்க புஸ்தகத்தைப் படிச்சுப்போட்டு வேண்டாம்னுட்டேனுங்க."

இரண்டு நாடுகளின் வாணிபத்தைக் கெடுத்த முதல் தமிழ் எழுத்தாளன் நானாகத்தான் இருக்க வேண்டும். பாய் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்கூட்டரைத் துடைக்கப் போய்விட்டார்.

மூன்றாவது இடம் பூங்கொடியின் கம்பெனி. பல்லடம் போகும் சாலையில் இரண்டு மாடிக் கட்டடம். பூங்கொடிக்கு நாற்பது வயது இருக்கும். பதினோரு வருடம் இன்னொருவர் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சோதிக்கும் வேலை பார்த்துவிட்டு, ஆறு மிஷினோடு சொந்தமாக ஆரம்பித்தவர். இப்போது நாற்பது மிஷின். அன்றைக்கு அதில் பத்துதான் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது துணி வெட்டும் மேசையை. முப்பதடி நீளம், ஆறடி அகலம், வழவழவென்று. தாய்லாந்து எல்லையிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரே வரைபடமாக விரிக்கலாம். நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றதை பூங்கொடி கவனித்துவிட்டார்.

"மேசை வேணுமுங்களா சார்?"

வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் என் புத்தகத்தை எடுத்துவந்துவிட்டார். அது புத்தகமாகவே இல்லை. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு, பக்கத்துக்குப் பக்கம் துணித் துண்டு அடையாளம். அரிசி எத்தனை மூட்டை, மழை எத்தனை நாள், பாலத்திலிருந்து ரோடு எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் தனித்தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். பின்னிணைப்பைத்தான் முதலில் படித்தாராம். எனக்கு அவரை அப்படியே ஈப்போவுக்குக் கூட்டிப்போய் சனிக்கிழமைக் கூட்டத்தில் உட்கார வைத்துவிடலாம் போல இருந்தது.

"போர்க்கதைன்னு பத்தாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சுங்க" என்றார். "ஆனா எங்க பொழப்பும் அதுதானுங்களே. ஆளு, சரக்கு, தேதி. இதுல ஒண்ணு தப்புனாலும் முடிஞ்சுது."

அவருடைய கட்டிங் மாஸ்டர் முத்துராஜ், திருநெல்வேலிக்காரர், கத்தரியை வைத்துவிட்டு வந்தார். "அண்ணாச்சி, அறுபத்திரண்டாம் பக்கத்துல பூட்ஸ் இருநூத்திப் பன்னெண்டு சோடிங்கிய. தொண்ணூறாம் பக்கத்துல நூத்தி எம்பதுங்கிய. நடுவுல முப்பத்திரண்டு சோடி எங்க போச்சு? கணக்கு உதைக்கே."

சென்னையில் இரண்டு பேராசிரியர்கள் அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினார்கள். ஒருவருக்கும் பூட்ஸ் கண்ணில் படவில்லை.

மத்தியானம் பூங்கொடி தன் வீட்டுக்கே சாப்பிடக் கூட்டிப்போனார். கம்பெனிக்கு மேல்மாடிதான் வீடு. அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்த சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள தயிரும் அப்பளமும். எங்கள் ஊர் நாசி லெமாக்கை உலகத்திலேயே சிறந்த சோறு என்று நான் பல மேடைகளில் முழங்கியிருக்கிறேன். அன்று அந்த வழக்கை மேல்முறையீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாவது தடவை சாதம் போடும்போதுதான் பூங்கொடி விஷயத்துக்கு வந்தார்.

"சார், உங்க கடைசி அத்தியாயம் இருக்குதுங்களே, 'இன்னும் ஒரு நாள்'. அதை நான் பத்துத் தடவை படிச்சிருக்கேனுங்க."

அந்த அத்தியாயம் இதுதான். பாலத்தில் மாட்டிக்கொண்ட கம்பெனியின் கேப்டன் ஐந்தாம் நாள் பதுங்குகுழியை விட்டு ஆட்களோடு வெளியேறினார். ஆற்றைக் கடக்கும்போது எல்லோரும் செத்தார்கள். அவர் அவசரப்பட்டுவிட்டார், உதவிக்கு வந்த இரண்டு லாரிப் படை ஒரு நாள் தூரத்தில்தான் இருந்தது, இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்று எழுதியிருந்தேன். என் எழுத்தில் ஆகச் சிறந்த பக்கங்கள் அவை என்பது என் அபிப்பிராயம்.

"என்ற நெலமையும் அதேதானுங்க" என்றார் பூங்கொடி.

அவரிடம் தைக்கிற ஆட்களில் முப்பது பேர் பீகார்க்காரர்கள். ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்குள் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும். முப்பது பேரும் வந்தால் முடிந்துவிடும். வராவிட்டால் கப்பல் போய்விடும், பையரும் போய்விடுவார். பக்கத்துக் கம்பெனி முதலாளி ஒருவர் பாதியைத் தான் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் புதன்கிழமை பன்னிரண்டு மணி வரைதான் மிஷினைச் சும்மா வைத்திருப்பாராம்.

"பாதியைக் கொடுத்துவிடலாமே?" என்றேன்.

"குடுத்தா பையர் அவரைத் தெரிஞ்சுக்குவானுங்க. அடுத்த தடவை முழுசும் அங்கதான் போகும். குடுக்காம விட்டு ஆளும் வரலீன்னா, கம்பெனியை மூடிப்போட்டு கணியூர்ல அண்ணன் ஊட்டுல போய் உக்காரோணும். பொம்பளை கம்பெனி நடத்தி உருப்படுமான்னு கேட்ட அண்ணனுங்க." கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "அந்தக் கேப்டனாட்டம் அவசரப்படக் கூடாதுன்னு புடிச்சு உக்காந்திருக்கேன்."

பீகார் ஆட்களின் தலைவன் சந்தோஷ் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். பாய் அதைத் தமிழில் சொன்னார்: "அக்கா, கிளம்பியாச்சு, ரயிலில் இருக்கிறோம், வியாழன் காலை வந்துவிடுவோம்." பின்னணியில் ரயில் சத்தம் இல்லை. கல்யாண மேளம் கேட்டது. பூங்கொடி என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க எத்தனை சண்டையைப் படிச்சவரு. சொல்லுங்க சார். புடிச்சுக்கிட்டு இருக்கலாமுங்களா?"

நான் தண்ணீர் குடித்தேன். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று ஏதோ உளறினேன். என்னைப் பத்துத் தடவை படித்த ஒரே ஆத்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

உண்மை என்னவென்றால் அந்த இரண்டு லாரிகள் என் சாப்பாட்டு மேசையில் புறப்பட்டவை.

புதன்கிழமை காலை விடுதியில் இட்லி இறங்கவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பாய் கோயம்புத்தூர் போயிருந்தார், ஆகவே பஸ்ஸில் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் நடத்துநர் ஒருவர் "ஏறுங்க, ஏறுங்க, உள்ள எடம் இருக்குதுங்க" என்று அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டால் நான் எமலோகத்துக்கும் ஏறிவிடுவேன். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்ததில் பஸ் பல்லடம் சாலையில் போகவில்லை என்பதையே கவனிக்கவில்லை. சாமளாபுரத்தில் இறக்கிவிட்டார்கள்.

அங்கே விசைத்தறிச் சத்தம். ஒருவரிடம் வழி கேட்டால் நான் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை, அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வெகு மரியாதையாகக் கத்திக்கொண்டோம். மணி பதினொன்றரை. துணைப்படைகள் ஏன் தாமதமாக வருகின்றன என்று நூறு புத்தகம் படித்தவன் நான். படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கடைசியில் துணி உருளைகள் ஏற்றிய குட்டி யானை என்று இங்கே சொல்லும் ஒரு சின்னச் சரக்கு வண்டியில், உருளைகளுக்கு நடுவே என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டேகால்.

பூங்கொடி வெட்டும் மேசை அருகே நின்றிருந்தார். வெட்டிய துணிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன.

"பாதியைக் கொடுத்துவிட்டீர்களா?" என்றேன். மூச்சு வாங்கியது.

"இல்லீங்க. பொறுத்துக்கலாம்னுட்டேன்."

"அந்த லாரி கிளம்பவே இல்லை" என்றேன்.

"எந்த லாரிங்க?"

"என் புத்தகத்தில் வரும் லாரி. அது கிளம்பியதாக எந்த ஆவணத்திலும் இல்லை. நாங்கள் பகடை போட்டோம்."

"பகடைங்களா? தாயம் உருட்டறாப்லயா?"

"அப்படித்தான். உதவிப்படை ஒன்று இருந்திருந்தால் வந்து சேருமா என்று போட்டுப் பார்த்தோம்."

"எத்தனை தடவைங்க?"

"ஆறு."

"லாரி வந்துச்சுங்களா?"

"இரண்டு தடவை."

"மிச்சம் நாலு தடவை?"

"அதை எழுதவில்லை."

முத்துராஜ் கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும். பூங்கொடி ஆர்டரைப் பற்றியே பேசவில்லை.

"அப்ப அந்த நூறு பேரைக் கூட்டிட்டு வர யாருமே கெளம்பலீங்களா?"

"கிளம்பியதாகத் தெரியவில்லை."

அவர் புத்தகத்தை எடுத்து அதன் அட்டையைப் பார்த்தார். "கேப்டனைப் போயி அவசரக்காரன்னு எழுதிப்போட்டீங்களே சார். யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுதான அந்த மனுசன் ஆளுங்களைக் கூட்டிட்டு வெளிய வந்திருப்பாரு?"

அந்தச் சிப்பாய்களின் பூட்ஸ் ஜோடிகளை எண்ணியவன் நான், அதையும் தப்பாக எண்ணியவன். முடிவு விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு லாரியை அனுப்பிவைத்து, அதற்குக் காத்திருக்கவில்லை என்று செத்துப்போனவர்மேல் பழியும் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு அது உறைக்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

பூங்கொடி ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்ணா, நான் பூங்கொடி பேசறேன். பாதியை எடுத்துக்கறீங்களா?"

"பன்னெண்டு தாண்டிருச்சே அம்மிணி" என்றது மறுமுனை. "வேற ஒருத்தருக்குச் சொல்லலாம்னு ஃபோனைக் கையில எடுத்துட்டேன்."

"இன்னும் சொல்லலீங்கல்ல?"

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு அவர், "சரி, வண்டி அனுப்பறேன். நூலும் லேபிளும் நீயே போட்டு அனுப்பிச்சுரு அம்மிணி" என்றார்.

வண்டி வந்தது. கட்டுகளைத் தூக்கி ஏற்ற நானும் கை கொடுத்தேன். இரண்டு கட்டைக் கீழே போட்டதும், உட்காருங்கள் அண்ணாச்சி என்று முத்துராஜ் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். வண்டி கேட்டைத் தாண்டும் வரை பூங்கொடி வாசலிலேயே நின்றார். அடுத்த வருட ஆர்டரும் அதில்தான் போகிறது என்று அவருக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மிஷின்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை முப்பது பேரில் பதிமூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் சந்தோஷின் தங்கை கல்யாணத்தை முடித்துவிட்டு அடுத்த வாரம் வருவார்களாம். வந்தவர்கள் குளித்து, சாப்பிட்டு, மத்தியானமே மிஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். பாதி ஆர்டருக்கு அது போதும் என்றார் முத்துராஜ். முழுசும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விடைபெறப் போனபோது பூங்கொடி புத்தகத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

மனிதப் புத்தி எங்கே போகும்? இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு உச்சி குளிர்ந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

"அங்க இல்லீங்க" என்று புத்தகத்தை வாங்கி, கடைசி அத்தியாயத்தைத் திறந்து வைத்தார். "இதுல போடுங்க. நெசம் என்னன்னு எழுதிப்போட்டு அதுக்குக் கீழ போடுங்க."

'இந்த லாரிகள் பகடையில் வந்தவை. கேப்டன் அவசரப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"மத்த புஸ்தகத்துல எல்லாம் அவரு அவசரக்காரராத்தானுங்களே இருப்பாரு?" என்றார். "யாருக்கெல்லாம் குடுத்தாருன்னு பாயண்ணன்கிட்ட லிஸ்ட் இருக்குதுங்க. கீழதான் வண்டியோட நிக்கறாரு."

ஊர் திரும்புவதற்கு எனக்கு மூன்று நாள் இருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வைத்திருந்த நாட்கள். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். சிலர் புத்தகத்தைத் தேடி எடுக்க அரைமணி நேரம் ஆனது. சிலர் எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நூற்றுச் சொச்சம் பிரதிகளில் எழுத முடிந்தது. கேப்டன் அவசரப்படவில்லை.